அம்மண வியாழன்

ஜெபராஜ் பொய் எழுதியிருக்கிறார். நம் தமிழ்ச் சங்கத்தின் போன ஆண்டு மலரில், நீல நிற பிஎம்எக்ஸ் சைக்கிள் ஒன்றின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, "கம்பெனியை விட்டு வந்த பிறகு வெல்டிங் தீ ஒருமுறைகூடப் படாத பிரேம்" என்று எழுதியிருக்கிறார். தீ பட்டிருக்கிறது. பட்ட இடம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே தகரக் கூரையின் கீழ்தான் நின்றோம்.

அதே கட்டுரையில் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தன் மாமா காலத்து வியாழக்கிழமை வழக்கம் கரண்ட் இல்லாததால் வந்ததாம். ஜெனரேட்டர் வந்த பிறகு அதற்கு அர்த்தம் இல்லையாம். இது பாதி உண்மை. பாதி உண்மையை முட்டுக்கொடுத்துத்தான் முழுப் பொய்யை நிறுத்துவார்கள்.

மலர்க் குழுவினர் வீட்டுக்கு வந்து, "நீங்களும் உங்க வேலை அனுபவத்த எழுதுங்க" என்றார்கள். இதமாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். எனக்கு இதமாக எழுத வராது. நான் பெயிண்டர். லோஹேகாவில் சார்ஜன்ட் ஞானமுத்து நடத்திய சைக்கிள் பட்டறையில், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து அவர் இறந்த வருடம் வரை ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தவள். என் வேலைதான் கடைசி வேலை. நான் மூடியதற்குப் பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. அதனால் இந்த விஷயத்தில் பேசும் தகுதி என்னைவிட யாருக்கும் இல்லை.

என் அப்பா தேஹு ரோடு ராணுவ டிப்போவில் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுகிறவர். தகரத்தில் வெட்டிய எழுத்தை வைத்து மேலே பெயிண்டை ஒற்றுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளி வேலை எடுப்பார், நான் தகரத்தைப் பிடித்துக்கொள்வேன். அவர் ஓய்வு பெற்றதும் எல்லோரும் காட்பாடிக்குத் திரும்பினார்கள். நான் கல்யாணமாகி இங்கேயே தங்கினேன். கணவர் சம்பளம் போதவில்லை என்று வேலை தேடியபோது, லோஹேகாவில் ஒரு தமிழ்க்காரர் பட்டறையில் ஆள் வேண்டும் என்றார்கள். லோக்கல் ரயில், பிறகு சிக்ஸ் சீட்டர் ஆட்டோ, பிறகு நடை. முதலில் டேப் ஒட்டினேன். பிறகு பிரைமர் அடித்தேன். பிறகு ஸ்ப்ரே கன் என் கைக்கு வந்தது. என் பயிற்சி அவ்வளவுதான். கற்றுக்கொண்ட கதையை நீட்டிச் சொல்கிறவர்கள் வேலை செய்த கதையைச் சுருக்கமாகச் சொல்வார்கள் என்பது என் அனுபவம்.

சார்ஜன்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். விமானப் படையில் விமானங்களின் உடம்புத் தகட்டையும் சட்டத்தையும் பார்க்கும் வேலை. ஓய்வுக்குப் பிறகு விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டார். பழைய சைக்கிள்களைப் பிறந்த நாளின் நிறத்துக்குக் கொண்டுவருவதில் பெயர் எடுத்தார். சத்தம் போட மாட்டார். தலைக்கு மேல் போர் விமானம் ஏறும்போது பேச்சு பாதியில் நிற்கும். சத்தம் அடங்கியதும் நிறுத்திய சொல்லிலிருந்தே தொடர்வார். நடுவில் நாம் வேறு ஏதாவது நினைத்துக்கொண்டிருந்தால் தொலைந்தோம். வேலை நன்றாக இருந்தால் பாராட்ட மாட்டார். "சரி" என்பார். நன்றாக இல்லாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் தின்னர் டப்பாவை நம் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார். அழித்துவிட்டு மறுபடி அடி என்று அர்த்தம். வசவு வாங்கியிருந்தால்கூடத் தேவலை.

இனி வியாழக்கிழமை. எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. லைன் பழுது பார்க்க நிறுத்துவார்கள். கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் ஓடாது, பெயிண்ட் அடிக்க முடியாது. வழக்கம் இப்படித்தான் தொடங்கியது, ஒப்புக்கொள்கிறேன். மற்றப் பட்டறைகள் அன்றைக்கு விடுமுறை விட்டன. சார்ஜன்ட் விடவில்லை. பெயிண்ட் உரித்த பிரேம்களை எல்லாம் வியாழக்கிழமைக்குச் சேர்த்து, வாசல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டார். ஒரு பொட்டுப் பெயிண்ட் இல்லாமல், வெறும் இரும்பாக. அதற்கு அவர் வைத்த பெயர் அம்மண வியாழன். இந்த வார்த்தையை மலரில் போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். தாராளமாகப் போடுங்கள்.

தெருவில் காய்கறி வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர், வியாழன்தோறும் வாசலில் நின்று கேட்பார்.

"ஆஜ் கோன் நங்கா ஹை, தாயீ?"

இன்றைக்கு யார் அம்மணம் என்று. நான் மராத்தியில் பதில் சொல்வேன். "தும்ச்சா ஜாவை!" உன் மருமகன்தான் என்று. அவர் சிரித்துக்கொண்டே கைப்பிடி கொத்தமல்லியை வீசிவிட்டுப் போவார்.

முறை இது. பெயிண்டை மருந்து பூசி ஊறவைத்து, துணியாலும் மூங்கில் சீவலாலும்தான் எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் கூடாது, கிரைண்டர் கூடாது, மணலை வீசி அடிக்கவே கூடாது. இரும்பில் மயிரிழை விரிசல் இருந்தால், இவையெல்லாம் அதன் வாயை இழுத்து மூடிவிடும். மூடிய வாய் பிறகு காட்டிக்கொடுக்காது. உரித்த பிரேமைக் கழுவிக் காயவைத்து, குழாய்கள் சேரும் இடமெல்லாம் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். ஊறட்டும் என்று விட வேண்டும். பிறகு ஈரமே இல்லாமல் துடைத்து, சாக்பீஸ் பொடியை மெல்லிய துணியில் கட்டி மேலே தட்ட வேண்டும். பிரேம் விபூதி பூசியது மாதிரி வெள்ளையாகும். மரச் சுத்தியால் குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். விரிசல் இருந்தால், அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கறுப்புக் கோடு போடும். விரிசல் தானே எழுதும் கையெழுத்து அது.

இத்தோடு முடியவில்லை. சைக்கிளின் சொந்தக்காரர் நேரில் வர வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் விரலை வைத்துத் தடவ வேண்டும். தடவிவிட்டு "பார்த்துட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரைமர். எத்தனையோ பேர் கோபப்பட்டிருக்கிறார்கள். "நான் என்னய்யா பாக்கறது, எனக்கு என்ன தெரியும்?" என்பார்கள்.

"ஒமக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம்," என்பார் சார்ஜன்ட். "ஓட்டப் போறது நீருதான? ஓட்டுதவன் பாக்காதத நாங்க மூட மாட்டோம்."

ஜெபராஜ் அவருடைய அக்கா மகன். கெட்டிக்காரர், இல்லை என்று சொல்ல மாட்டேன். எந்த நட்டும் அவர் கைக்கு இளகும். கணக்கு வழக்கையும் அவர்தான் பார்த்தார். பட்டறைக்கு ஜெனரேட்டர் வாங்கிவந்ததும் அவர்தான். வாங்கிய முதல் வியாழக்கிழமை அதை ஓடவிட்டு, கம்ப்ரஸர் ஒயரைச் செருகப் போனார். சார்ஜன்ட் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிவைத்தார்.

"மாமா, கரண்டு இல்லாததுக்குத்தான இந்த வழக்கம்? இப்பதான் கரண்டு இருக்கே."

"கரண்டு இருந்தா பல்பப் போடு. விரிசல் இன்னும் நல்லாத் தெரியும்."

அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வியாழன் வியாழனாகவே இருந்தது. ஜெபராஜின் கட்டுரையில் ஜெனரேட்டர் இருக்கிறது, இந்தப் பேச்சு இல்லை.

இப்போது அந்த நீலச் சைக்கிள். இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். விமானப் படைக் குடியிருப்பிலிருந்து நித்யா என்ற பெண் அதை ஒரு டெம்போவில் போட்டுக்கொண்டுவந்தாள். அப்பா விங் கமாண்டர், கோயம்புத்தூர்க்காரர். பெண் பிறந்து வளர்ந்ததெல்லாம் குடியிருப்புகளில்தான். ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை. அவள் தமிழில் பாதி இந்தி.

இறக்கி வைத்ததைப் பார்த்தேன். சின்னச் சக்கரம் இரண்டு, வெள்ளை நைலானாக இருந்திருக்க வேண்டும், பழைய பல்லின் மஞ்சளில் இருந்தன. ஹேண்டில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. சீட் தண்டு துருவேறிக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. பின்னால் பால் கேன் மாட்ட யாரோ இரும்புக் கொக்கியைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்ததை, காவலாளியைக் கேட்டுப் பால்காரர் எடுத்து ஓட்டியிருக்கிறார்.

"இதுவா பிஎம்எக்ஸு?" என்றேன்.

"அசல் பிஎம்எக்ஸ், அக்கா! பப்பா ட்ரெயினிங் போனப்ப ஃபாரின்லேந்து எடுத்துட்டு வந்தாரு. காலனில வேற யார்கிட்டயும் இல்ல. லட்கா லோக், பசங்க எல்லாம் என் பின்னாலதான் ஓடுவாங்க."

"இப்ப பால்காரன் பின்னால எரும ஓடியிருக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு விஷயத்தைச் சொன்னாள். அப்பா அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூர் போகிறார்கள். குடியிருப்பு மைதானத்தின் ஓரத்தில் ஒரு மண்மேடு உண்டு. சின்ன வயதில் அந்த மேட்டில் ஏறி, காற்றில் பறந்து, அந்தப் பக்கம் இறங்குவாளாம். அப்பா தினமும் யூனிபார்மோடு நின்று பார்ப்பாராம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அதே சைக்கிளில், அதே மேட்டில், அப்பா பார்க்க ஒருமுறை குதிக்க வேண்டும். அதுவும் புதிதில் இருந்த மாதிரியே இருக்க வேண்டும்.

"ஒரே ஒரு ஜம்ப், அது போதும்," என்றாள்.

பிஎம்எக்ஸ் என்பது குதிப்பதற்காகவே செய்த சைக்கிள். மற்ற சைக்கிளைவிடக் குழாய் உறுதியான எஃகு, ஆனால் மெல்லியது. குதித்து இறங்கும்போது ஆளின் எடை முழுவதும் ஹேண்டில் நுழையும் கழுத்தில்தான் விழும். கழுத்து முறிந்தால் ஓட்டுகிறவர் முகம்தான் முதலில் தரையில் படும்.

வேலை தொடங்கியது. சீட் தண்டுக்கு டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி, தினமும் ஒரு தட்டு. ஒருநாள் அதுவாக முனகிக்கொண்டு அசைந்தது. நைலான் சக்கரங்களை வெளுக்கும் மருந்து தடவி, கண்ணாடித் தாள் சுற்றி வெயிலில் போட்டேன். மஞ்சள் இறங்கி மோர் நிறத்துக்கு வந்தன. அதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்தினேன். ஸ்டிக்கர்களை உரிப்பதற்கு முன் வெண்ணெய்த் தாளில் படியெடுத்து, நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் வெட்டுகிற கடையில் கொடுத்தேன். அசல் நிறம் எது என்பதுதான் சிரமம். மேலே இருந்த நீலம் வெயிலில் செத்துப்போயிருந்தது. சீட்டைப் பிடிக்கும் வளையத்துக்கு அடியில், மோதிர அகலத்துக்கு, வெளிச்சமே படாத நீலம் கிடைத்தது. சாதாரண நீலம் இல்லை. அடியில் வெள்ளி, அதன்மேல் கண்ணாடி மாதிரி நீலம். ஒரு பூச்சு கூடினால் இருண்டுவிடும், குறைந்தால் சாயம் போன துணி மாதிரி இருக்கும். தகரத் துண்டுகளில் அடித்து அடித்துப் பார்த்து அந்த மோதிரத்தோடு சேர்த்தேன். சேர்ந்தது.

பிரேமை உரித்து வைத்திருந்தேன். சார்ஜன்ட் கல்யாணம் ஒன்றுக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். வியாழக்கிழமைக்கு முந்தின நாள் நித்யா ஐதராபாத்திலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, ப்ராஜெக்ட் ஃபஸ் கயா, மாட்டிக்கிச்சு. எனக்கு வர முடியாது. நீங்க பாத்துட்டா போதும் நா? பெயிண்ட் அடிச்சிடுங்க, ப்ளீஸ்."

போனை வைத்ததும் ஜெபராஜ் கை தட்டினார். "கேட்டியளாக்கா? ஓனரே சொல்லியாச்சு. நாளைக்கு ஜெனரேட்டரப் போட்டு அடிச்சிருங்க. ஞாயித்துக்கெழம நெருங்குது."

"அவ விரல் வைக்காம நான் அடிக்க மாட்டேன்."

"மாமா இல்லாதப்ப நான்தான முதலாளி?"

"முதலாளியா இரு. பெயிண்டர் நானு."

"அப்பம் நானே அடிக்கேன். கன்னப் புடிக்க எனக்குத் தெரியாதா?"

கன்னை எடுத்தார். பூ மாதிரி லேசாக இருந்திருக்க வேண்டும். உள்ளே இருக்கும் ஊசியையும் மூக்கையும் போன் பேசும்போதே கழற்றி என் டிபன் பாக்ஸில் போட்டுவிட்டேன்.

"ஊசி எங்கக்கா?"

"எலுமிச்ச சாதத்துல இருக்குது. சாப்பிடறியா?"

முகம் கறுத்துவிட்டது. ஆனால் டிபன் பாக்ஸில் கை வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

மறுநாள் வியாழன். வழக்கம்போல் வாசலில் மாட்டி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, பொடி தட்டினேன். மரச் சுத்தியால் இரண்டு தட்டு. கழுத்துக் குழாயும் கீழ்க் குழாயும் சேரும் மூலையில், அடிப்பக்கமாக, ஒரு கண்ணிமை முடி அளவுக்கு ஈரம் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அது நீண்டு, குழாயைச் சுற்றி வளைந்து போய் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பொடி தட்டினேன். அதே இடம், அதே வளைவு.

ஜெபராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"பழைய பெயிண்டுக் கீறல்."

"பெயிண்ட்டே இல்லியே, ஜெபா. கீறல் எங்கேந்து வந்துது?"

தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "லேசா ராவிட்டுப் புட்டிப் பசைய வச்சு மூடி அடிச்சா ஆருக்குத் தெரியும்? அவ என்ன தெனமுமா குதிக்கப் போறா? ஒரே ஒரு குதிதானக்கா."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. இன்றைக்கு இதை எழுதுவதே அந்த வாக்கியத்துக்காகத்தான்.

நித்யாவுக்கு நானே போன் செய்தேன். "நீ வரணும்."

"குச் ஹுவா க்யா, அக்கா? ஏதாவது ஆச்சா?"

"வந்து விரல வை. அப்பறம் சொல்றேன்."

கோபத்தோடுதான் பஸ் ஏறி வந்தாள். அவள் வந்த காலையில் சார்ஜன்ட்டும் ஊரிலிருந்து வந்துவிட்டார். திரும்பவும் பொடி தட்டிக் காட்டினோம். விரலை வைத்தாள். விரல் நுனியில் கறுப்பு மை மாதிரி கோடு ஒட்டிக்கொண்டது.

"இவ்ளோ சின்னதா இருக்கு, அங்கிள்?"

"சின்னதுதாம்மா. மேட்டுலருந்து எறங்கும்போது பெருசாவும். அப்பம் நீ கீழ கெடப்ப, உங்கப்பா பாத்துக்கிட்டு நிப்பாரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். சார்ஜன்ட் ஆறுதல் சொல்லவில்லை. வேலையைச் சொன்னார். விரிசலின் இரண்டு நுனியிலும் ஊசி முனை அளவுக்குத் துளை போட வேண்டும். துளையைத் தாண்டி விரிசல் ஓடாது. விமானத் தகட்டுக்கு அப்படித்தான் செய்வார்களாம். பிறகு பிம்ப்ரியில் ஆர்கான் வெல்டிங் செய்கிற ஆளிடம் கொடுத்து, மெதுவாக ஆறவிட்டு, மறு வியாழன் மறுபடி பொடி தட்டிப் பார்க்க வேண்டும். வெல்டிங் தடிப்பை ராவக் கூடாது. ராவினால் பலம் போகும்.

"தடிப்பு வெளிய தெரியுமே, அங்கிள். பப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஒரிஜினல் மாதிரி வேணும்னுதானே கேட்டேன்? மேலே பெயிண்ட் போட்டு லெவல் பண்ணிடலாம் நா?"

நான்தான் குறுக்கே பேசினேன். நீலத்தை அந்த இடம்வரை அடிக்கிறேன், வெல்டிங் மேல் நிறம் போட மாட்டேன், நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசுகிறேன் என்றேன். உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு ஜன்னல். விரிசல் திரும்ப வந்தால் அதில் தெரியும். துரு வந்தாலும் தெரியும்.

நித்யாவுக்கு ஆத்திரம். "அது தழும்பு, அக்கா! என் சைக்கிள்ல தழும்பா?"

"தழும்பு ஏற்கெனவே இருக்குதும்மா. நான் வைக்கல. மறைக்கல, அவ்ளோதான்."

தலைக்கு மேல் விமானம் ஏறியது. எல்லோரும் வாயை மூடினோம். சத்தம் போனதும் சார்ஜன்ட் என்னைப் பார்த்து, "சரி" என்றார். பட்டறையில் நான் வாங்கிய சம்பளம் எல்லாம் செலவாகிவிட்டது. அந்த "சரி" இன்னும் கையில் இருக்கிறது.

மறு வியாழன் நித்யா விடுப்பு எடுத்து வந்தாள். பொடியில் கோடு விழவில்லை. விரல் வைத்து, "பாத்துட்டேன்" என்றாள். டேப் ஒட்டினேன். ஜன்னலின் மூலைகள் கூராக இருந்தால் பெயிண்ட் அங்கேதான் முதலில் உரியும். எட்டணாக் காசை வைத்து வளைவாக வெட்டினேன். மறுநாள் கரண்ட் இருந்தது. பிரைமர், வெள்ளி நிறம், அதன்மேல் நீலம், அதன்மேல் வார்னிஷ். ஹேண்டில் கம்பிக்கும் மேல் குழாய்க்கும் புதுப் பஞ்சுறை. முன்னால் எண் பலகை. வாசலில் நிறுத்தியபோது காய்கறிக்காரர் வண்டியை விட்டுவிட்டு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை எங்களையும் மைதானத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விங் கமாண்டர் சைக்கிளை ஒருமுறை சுற்றிவந்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு குனிந்தவர் ஜன்னலைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க சார்ஜன்ட், இங்க மட்டும் பெயிண்ட் உட்டுப்போச்சுங்களே?"

"விட்டது இல்ல சார். பாக்கதுக்கு வச்சது."

அவரும் விமானத்தோடு வாழ்ந்தவர். வெல்டிங் தடிப்பில் விரலை வைத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை நிதானமாகத் தடவினார்.

"சரிங்க. பாத்துட்டேன்," என்றார். அவருக்கு யாரும் இந்த வழக்கத்தைச் சொல்லியிருக்கவில்லை.

நித்யா மேட்டில் ஏறினாள். காற்றில் இருந்தது ஒரு மூச்சு நேரம்தான். இறங்கியபோது சைக்கிள் 'டொக்' என்று ஒரே ஒரு சத்தம் போட்டது, அசையவில்லை. ஒரே ஒரு குதி என்றவள் இருட்டும் வரை குதித்துக்கொண்டிருந்தாள். ஜெபராஜ் எங்கள் பக்கத்தில்தான் நின்றார். எல்லோரையும்விட அவர்தான் பலமாகக் கை தட்டினார்.

அதற்கடுத்த சில வருடங்களில் சார்ஜன்ட் இறந்தார். ஜெபராஜ் பட்டறையைக் கோந்த்வாவுக்கு மாற்றினார். புதுக் கட்டடம், கண்ணாடிக் கதவு. பிரேம்களை மணல் வீசி உரித்து, அடுப்பில் வேகவைக்கும் பவுடர் பெயிண்ட் அடிக்கிற இயந்திரம் வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது, பளபளப்பும் அதிகம். வியாழன் போய்விட்டது. நானும் போய்விட்டேன். யாரும் என்னை அனுப்பவில்லை. முதல் வாரத்திலேயே என் கன்னைத் துடைத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

நித்யா வெளிநாட்டில் நிலைத்துவிட்டாள். அவள் அப்பா, நல்ல கைக்குப் போகட்டும் என்று அந்தச் சைக்கிளைக் கோயம்புத்தூரிலிருந்து ரயிலில் ஏற்றி ஜெபராஜுக்கே அனுப்பினார். ஜெபராஜ் அதை வசந்த் என்ற சென்னைப் பையனுக்கு விற்றார். ஐடி கம்பெனியில் வேலை, நல்ல பையன்.

போன வருடம், மலர் வருவதற்கு முன்னால், பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் கூடும் காட்சிக்குப் போயிருந்தேன். நீலத்தைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொண்டேன். கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். ஜன்னல் இல்லை. வழவழவென்று நீலம்.

"சூப்பரா இருக்குல்ல, ஆன்ட்டி?" என்றான் வசந்த். "ரிப்பேர் வெல்டு ஒண்ணு கூட கிடையாது. கோந்த்வா பின்னாடி ஒரு மேடு இருக்கு, ஞாயித்துக்கிழம ஆனா அங்கதான். செம்மயா பறக்கும்."

என் சாவிக்கொத்தில் ஒரு சின்னக் காந்தம் உண்டு. புட்டி வைத்து ஏமாற்றிய பிரேம்களைக் கண்டுபிடிக்கப் பட்டறையில் வைத்திருந்தது; இரும்பில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. கீழ்க் குழாயில் வைத்தேன், ஒட்டியது. மேல் குழாயில் ஒட்டியது. கழுத்தில் ஒட்டியது. அந்த மூலையில் வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. தடிப்புத் தெரியாமல் இருக்கப் புட்டி வைத்து மட்டம் செய்து, மேலே நீலம் அடித்திருக்கிறார்கள். நிறத்தைக்கூடச் சரியாகச் சேர்க்கவில்லை, ஒரு பூச்சு அதிகம்.

வசந்த்திடம் சொன்னேன். அவன் ஜெபராஜைக் கூப்பிட்டான். ஜெபராஜ் வந்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார்.

"அக்கா நம்ம பழைய பெயிண்டர், தம்பி. வயசாயிட்டு. காந்தத்த வச்சு ஜோசியம் பாக்காவ."

"ஜெபா, அந்த ஜன்னல ஏன் மூடின?"

"என்ன ஜன்னலுக்கா? வீட்டுல தொறந்து போட்டுட்டு வந்துட்டியளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வசந்த்தும் சிரித்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. விற்றவர் சொல்வதை நம்பாமல், சாவிக்கொத்தோடு வந்து நிற்கும் ஒரு கிழவி சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? அந்த வாரம் அவனுக்கு இரண்டு முறை போன் செய்தேன். "பாத்துக்கறேன் ஆன்ட்டி" என்றான். ஞாயிற்றுக்கிழமை மேட்டுக்குப் போயிருக்கிறான். பிறகு மலர் வந்தது, படத்தோடு கட்டுரை வந்தது. தனியாகச் சொல்லிப் பிரயோசனமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் சொல்லாததைச் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். உள்ளே விரிசல் திரும்ப வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. சார்ஜன்ட் போட்ட துளையும் பிம்ப்ரி வெல்டிங்கும் இன்னும் உறுதியாக இருக்கலாம். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதற்கு இல்லை அந்த ஜன்னல், பார்ப்பதற்கு. ஓட்டுகிறவனின் கண்ணுக்காக வைத்ததை, விற்கிறவரின் வசதிக்காக மூடியிருக்கிறார்கள். வாரா வாரம் குதிக்கிற பையனுக்கு அதைச் சொல்லவும் இல்லை. அன்றைக்கு அந்த இடத்தில் புட்டி வைக்க விடவில்லை. நான் இல்லாதபோது வைத்துவிட்டார்.

ஆகவே ஜெபராஜ், உங்களைக் கேட்கிறேன். இந்த மலர் வந்ததும் வருகிற வியாழக்கிழமை சங்க மண்டபத்து வாசலுக்கு அந்தச் சைக்கிளை வசந்த்தோடு கொண்டுவாருங்கள். மண்ணெண்ணெயும் சாக்பீஸ் பொடியும் நான் கொண்டுவருகிறேன். உள்ளங்கையில் பாதி அளவு பெயிண்டைத்தான் எடுக்கப் போகிறோம். அடியில் பிம்ப்ரி வெல்டிங் இல்லை என்றால் அதே நீலத்தை நானே அடித்துக் கொடுத்து, எல்லோர் முன்னாலும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வசந்த், தம்பி, அதுவரைக்கும் குதிக்காதே.

வர முடியாது என்றால், வீட்டுக்கு வந்து என்னைச் சமாதானப்படுத்த வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம். பொய்யை எங்கே எழுதினீர்களோ அங்கேயே, இந்த மலரிலேயே, உங்கள் பெயர் போட்டுப் பதில் எழுதுங்கள். கேள்வி ஒன்றுதான். காந்தம் நழுவி விழுந்த அந்த இடத்தில், புட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது?